முகூர்த்தத்துக்குள்ள திருநின்றவூர்

4-7-88, திங்கள்

தண்ணி லாரி இன்னிக்கும் வரலை. வரிசையில பக்கத்து வீட்டு வேம்புலியம்மா தன் குடத்தை என் குடத்துக்கு முன்னாடி நகர்த்தி வெச்சிருந்தாள். நானும் திரும்ப நகர்த்தினேன். போன வருஷம் சித்திரையிலும் இதே வேலைதான் செஞ்சாள். நீலக் குடம், வாய் நசுங்கினது. எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸ். ஞாபகத்துக்கு யாரும் கிளாஸ் வெக்கலை.

சாயங்காலம் மருமகள் தாட்சாயிணி பஸ்ஸில் கூட்டத்துக்கு மேல ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடிச்சுகினே வந்து இறங்கினாள். அம்பத்தூர் எஸ்டேட்ல ஸ்வீட் டப்பா ஒட்டுற கம்பெனியில வேலை அவளுக்கு. பசை சூட்டுல விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடக்குது. தீபாவளிக்கு அங்கே டப்பாவோட பரமபத அட்டையும் அச்சடிப்பாங்க. முதலாளி வரதன், “கடைக்காரன் புதுசா கேக்குறான், எத்தினி வருஷம் அதே பாம்பு அதே ஏணி”ன்னு சலிச்சுக்கிட்டாராம். இவள் வாய் சும்மா இருக்குமா? “நானு ஒண்ணு பண்ணித் தரேன் சார்” என்றிருக்கிறாள்.

அவரும் சரின்னுட்டார். ஆனா நாலு பேரு நடுவுல எந்திரிக்காம ஆடி முடிக்கணுமாம், அவர் நேர்ல வந்து உக்காந்து பார்ப்பாராம். புரட்டாசி முதல் வாரத்துக்குள்ள. அப்படி ஆடிட்டா அச்சு, இவளுக்குப் படம் போடுற ரூம்ல நாற்காலி. இல்லேன்னா அதே பாம்பு, இவளுக்கு அதே பசை.

நாற்காலின்னு சொல்லும்போது அவள் மூஞ்சியைப் பார்க்கணும்.

6-7-88, புதன்

அட்டையை விரிச்சுக் காட்டினாள். பூந்தமல்லியில் ஆரம்பிக்குது ரோடு. நம்ம பருத்திப்பட்டு ஏரி, ஆவடி, பட்டாபிராம் ரயில்வே கேட், கடைசியில் திருநின்றவூர்ல ஒரு கல்யாண மண்டபம். கட்டம் கட்டமா இருக்கு. சோழி போட்டு நகரணும். முகூர்த்தத்துக்குள்ள யார் முதல்ல மண்டபம் போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. விளையாட்டுக்குப் பேரும் முகூர்த்தம்.

ஆளுக்கு ஒரு வேஷம், குலுக்கி எடுக்கணும். வேன் டிரைவர், தையல்காரி, பூக்காரி, சமையல்காரி. நடுநடுவே சிவப்புக் கட்டம். அதுல நின்னா ஒரு தடங்கல் சீட்டு எடுக்கணும். டயர் பஞ்சர், புடவை கிழிஞ்சது, மாலை வாடிப் போச்சு, பசி மயக்கம். உன் தொழிலுக்கு ஏத்த தடங்கல் வந்தால் சரி பண்ணிட்டுத் தாண்டிப் போகலாம், உன் வேஷச் சீட்டு மேல ஒரு புளியங்கொட்டை வெச்சுக்கலாம். வேற தடங்கல் வந்தால் ஒரு சுத்து உக்காரணும். மூணு கொட்டை சேர்ந்தவங்க கைதேர்ந்த ஆளு. அவங்களுக்கு ரெண்டு தடவை சோழி.

“கொட்டைதான் அத்தை திறமை” என்றாள்.

“திறமை கொட்டையிலயா கீது? தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் புளி அடிச்சு அதைத் தெருவுல கொட்டியிருக்க மாட்டேனே.”

விழுந்து விழுந்து சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரலை. திருநின்றவூர் கல்யாண மண்டபம்னு எழுதியிருக்கிறதைப் பார்த்ததும் அட்டையைத் தள்ளி வெச்சேன். அது வேற கதை. இன்னிக்கு வேணாம்.

9-7-88, சனி

முதல் ஆட்டம். நான், வேம்புலியம்மா, இட்லிக் கடை போட்டிருக்கிற எதிர் வீட்டுப் பொன்னம்மாள், என் பிள்ளை கஜபதி. அவனுக்குப் பூக்காரி வேஷம் விழுந்தது. மீசையைத் தடவிக்கினே “மொழம் ரெண்டு ரூபா”ன்னு உக்காந்திருந்தான்.

வேம்புலியம்மா டிரைவர். எனக்குச் சமையல்காரி. மூணு ஆட்டமும் வேம்புலியம்மாதான் ஜெயிச்சாள். மூணாவது தடவை மண்டபத்துக்குள்ள போய் நின்னுகினு என்னைப் பார்த்து, “இன்னா சொர்ணக்கா, இன்னும் ஏரிக்கரையில காத்து வாங்குறியா?” என்றாள்.

இதை மறக்க மாட்டேன்.

ராத்திரி சோத்துக்கு உக்காரும்போது தாட்சாயிணியிடம் சொன்னேன். சீட்டுல பாதி பஞ்சர்தான் கீது. பசி மயக்கம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் மூலை மடிஞ்ச சீட்டு, எல்லாருக்கும் அடையாளம் தெரியுது. டிரைவருக்கு ஆட்டம் பூரா வேலை, சமையல்காரிக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை குடுக்காம திறமை இல்லேன்னா எப்படி?

தட்டுல கையை வெச்சுகினே யோசிச்சாள். சாம்பார் ஆறிப் போச்சு.

12-7-88, செவ்வாய்

ஞாயித்துக்கிழமை பஞ்சரைக் குறைச்சாள். நேத்து இன்னும் குறைச்சாள். இன்னிக்குப் பஞ்சரே இல்லை. வேன் என்ன வானத்துலயா போகுது?

13-7-88, புதன்

பேத்தி பாப்பா ஒரு புளியங்கொட்டையை மூக்குல ஏத்திக்கிச்சு. மூணு வயசு. பொன்னம்மாள்தான் மிளகுத்தூளைக் காட்டித் தும்ம வெச்சாள். கொட்டை போய்ச் சுவத்துல அடிச்சுது. “யாரோட திறமைடி இது, எடுத்துக்கோங்க” என்றான் கஜபதி. யாரும் எடுத்துக்கலை.

15-7-88, வெள்ளி

புதுசா ஒரு பச்சைக் கட்டம் போட்டிருக்கிறாள். ஆவடியில ஒரு தொழில் பள்ளிக்கூடம். அதுல ஒரு சுத்து உக்காந்தா ஒரு கொட்டை சும்மா கிடைக்கும். பின்தங்கினவங்களுக்கு ஒத்தாசையாம்.

பொன்னம்மாள் அங்கே போய் உக்காந்தவள் எந்திரிக்கவே இல்லை. கொட்டை மேல கொட்டை. நாங்க மூணு பேரும் பசியும் கிழிசலுமா சாகுறோம், அவள் பள்ளிக்கூடத்துல கால் நீட்டிக்கினு வெத்தலை போடுறாள். அடுப்புப் பக்கமே போகாம சமையல்ல கைதேர்ந்தவ ஆயிட்டா. அப்புறம் எழுந்து ரெண்டு ரெண்டு தடவை சோழி போட்டு நேரா மண்டபம்.

“இன்னாடி இது அக்குறும்பு” என்றேன்.

“சட்டத்துல கீதே” என்றாள் பொன்னம்மாள்.

தாட்சாயிணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. செய்யாத வேலைக்குக் கொட்டை குடுக்காதேன்னு சொன்னேன். அந்தக் கட்டத்து மேல உடனே வெள்ளைத் தாள் ஒட்டிட்டாள்.

20-7-88, புதன்

இன்னிக்குப் பெரிய சண்டை.

கஜபதி ஷிப்டுக்குப் போயிருந்தான், நாங்க மூணு பேரு மட்டும் மத்தியானம் ஆடினோம். வேம்புலியம்மா மூணு கொட்டைக்கு ரெண்டு சோழி என்கிறாள். அது முதல் நாள் சட்டம். பொன்னம்மாள் நாலு கொட்டை வேணும் என்கிறாள். அது திங்கள்கிழமைச் சட்டம். செவ்வாய்க்கிழமை மறுபடி மூணாச்சு, ஆனா டிரைவருக்கு மட்டும் நாலு. இது என்னைத் தவிர ஒருத்திக்கும் ஞாபகமில்லை. நான் முதல்லேர்ந்து வரிசையா ஒப்பிச்சேன், என்னிக்கு எது மாறிச்சு, எது திரும்பி வந்துச்சுன்னு. வேம்புலியம்மா, “நீ இன்னா கோர்ட்டு குமாஸ்தாவா?” என்று சோழியை விசிறிட்டுப் போயிட்டாள். ஒரு சோழி அரிசிப் பானைக்குள்ள விழுந்துது, இன்னும் கிடைக்கலை.

தாட்சாயிணி வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். “இந்தா பாரு. தினம் தினம் மாத்தினா ஒருத்தி எப்படிக் கத்துக்குவா? காலையில ஊட்டுக்கு மேக்கால வாசல், சாயங்காலம் கெழக்கால வாசல்னா எவ உள்ள வருவா?”

“தப்பு தெரிஞ்சா உடனே சரி பண்ண வேணாமா அத்தை?”

“எழுதி வெச்சுக்கோ. சனிக்கிழமை சாயங்காலம் மாத்து. மாத்தினத ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் வாயால சொல்லு. எதுக்கு மாத்தினேன்னும் சொல்லு. நடுவுல கை வெச்சா அட்டையை அடுப்புல வெப்பேன்.”

சரி என்றாள். வேம்புலியம்மாவைக் கூப்பிட நான் போகலை. பாப்பாவை அனுப்பினேன்.

23-7-88, சனி

தாட்சாயிணி நிலைப்படியில நின்னு, பஞ்சாயத்துல தண்டோரா போடுற மாதிரி மாத்தினதைச் சொன்னாள். நாலு தொழிலுக்கும் சமமா தடங்கல். எல்லாருக்கும் மூணே கொட்டை. வேம்புலியம்மா கையைத் தூக்கி, “எனக்கு ஒரு டவுட்டு” என்றாள். என்னவோ காலேஜு பொண்ணு மாதிரி.

நல்லா போச்சு. யாரும் சோழியை விசிறலை.

6-8-88, சனி

போன வாரம் நான் ஒண்ணு சொல்லியிருந்தேன். திறமையைப் பயன்படுத்தலேன்னா துரு ஏறணும், ரெண்டு சுத்து சும்மா இருந்தா ஒரு கொட்டை போயிடணும்னு. மனசுல வேம்புலியம்மாவை வெச்சுத்தான் சொன்னேன், எழுதுறதுக்கு என்ன.

இன்னிக்கு அப்படியே ஆடினோம். எல்லாருக்கும் கொட்டை வர்றதும் போறதுமா, கடைசியில நாலு பேரு சீட்டும் துடைச்சு விட்ட மாதிரி. முதல்ல காலியானது நான்தான். பட்டாபிராம் கேட்ல நாலு பேரும் சேர்ந்து நின்னுகினு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

“எவ சொன்னா இந்த யோசனைய?” என்றாள் வேம்புலியம்மா.

தாட்சாயிணி குனிஞ்சு சோழி பொறுக்கினாள். காட்டிக் குடுக்கலை. தோள்பட்டை மட்டும் குலுங்கிச்சு.

13-8-88, சனி

இந்த வாரம் கம்பெனியில ஓவர்டைம். ஒண்ணும் மாத்தலை என்றாள். உடனே வேம்புலியம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. “இன்னாமே, புதுசு ஒண்ணும் இல்லியா? நானு பூ கட்டுறத உட்டுட்டு வந்துகினு கீறேன்.” தினம் மாத்தினாலும் சண்டை, மாத்தாட்டாலும் சண்டை. இவளுங்களை வெச்சுகினு தாட்சாயிணி எப்படித்தான் பொறுமையா இருக்கிறாளோ.

ஆட்டத்துல ஒரு குறை இருக்கு. ஒருத்தி மூணு கொட்டை சேர்த்து முன்னாடி போயிட்டால் மத்தவங்க பிடிக்கவே முடியலை. பின்னாடி இருக்கிறவளுக்கு அலுப்பு தட்டிப் போகுது. பொன்னம்மாள் எப்பவும் பாதியில, “மாவு அரைக்கணும்”னு எந்திரிச்சுடுறாள். அவள் எந்திரிச்சால் வரதன் எதிர்ல கதை முடிஞ்சுது. தாட்சாயிணி மண்டையைப் பிச்சுக்கிறாள். எனக்கும் ஒண்ணும் தோணலை.

27-8-88, சனி

எழுதக் கை வரலை. இருந்தாலும் எழுதுறேன்.

இன்னிக்குப் புது தடங்கல் சீட்டு போட்டிருக்கிறேன்னு சொன்னாள். என்னன்னு சொல்லலை. சொல்லித்தான் ஆடணும்னு நான் எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நடு ஆட்டத்துல வேம்புலியம்மா அந்தச் சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சாள். “அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றப் போனாய். வேன் போய்விட்டது. ஆரம்பத்துக்குத் திரும்பு.”

படிச்சுட்டு என்னைப் பார்த்தாள். “சொர்ணக்கா, இது உன் கதையில்ல?”

எல்லாரும் சிரிச்சாங்க. என் பிள்ளையும் சிரிச்சான்.

என் கதைதான். நாலு வருஷம் முன்னே கஜபதிக்கும் தாட்சாயிணிக்கும் கல்யாணம். பொண்ணு ஊரு திருநின்றவூர். எங்களை அழைச்சுப் போக அவங்க ரெண்டு வேன் அனுப்பினாங்க. ஒண்ணு மாப்பிள்ளையும் ஆம்பளைங்களும் போறது, ஒண்ணு பொம்பளைங்க போறது. புறப்படுறதுக்கு முன்னே மாப்பிள்ளையைப் பெத்தவள் ஊர் அம்மனுக்குக் கற்பூரம் ஏத்திட்டு வரணும், அது எங்க வழக்கம். ஏத்திட்டுத் திரும்பி வந்தேன். தெருவுல ஒரு வேனும் இல்லை. புகை மட்டும் இருந்துச்சு. முதல் வேன்ல இருந்தவங்க, பொம்பளைங்களோட வருவாள்னு நினைச்சாங்களாம். ரெண்டாவது வேன்ல இருந்தவங்க, மாப்பிள்ளையோட போயிருப்பாள்னு நினைச்சாங்களாம். பட்டுப் புடவையோட ஆவடி வரைக்கும் பஸ்ல நின்னுகினு போனேன். அங்கேர்ந்து ரயில். மண்டபத்துக்குள்ள நுழையும்போது என் பிள்ளை தாலி கட்டி முடிச்சு, பந்தியும் நடக்குது. தாட்சாயிணியோட அம்மா, சம்பந்தி நாகம்மாள், எதிர்ல வந்து, “வாங்க சம்பந்தி, எல போட்டாச்சு” என்றாள். எல போட்டாச்சு! எலையில வடை இல்லை. தீந்து போச்சாம்.

எங்க வீட்டுக்காரர் மேல இருந்த கோபத்தை அவர் போகும்போது அவரோடயே அனுப்பிட்டேன். நாகம்மா பங்கு அப்படியே இருக்கு.

இதைப் போய் சீட்டுல எழுதுறாளா! நாலு காசுக்கு விக்குற அட்டையில!

சோழியை வெச்சுட்டு எந்திரிச்சேன். இனிமே நான் ஆடலை.

28-8-88, ஞாயிறு

காலையில தாட்சாயிணி அடுப்பங்கரைக்கு வந்து நின்னாள்.

“அத்தை, கேலி பண்ணணும்னு எழுதல.”

“பின்ன? சாமிக்கு வேண்டிக்கினு எழுதினியா? என் மானத்த அட்டையில ஒட்டிக் கடை கடையா தொங்க உடப் போறியா?”

“நடந்த தடங்கலுங்களைத்தான் யோசிச்சுப் பாத்தேன். இது ஒண்ணுதான் நெஞ்சுல நின்னுச்சு.”

எனக்கு வந்துச்சே கோபம். “நின்னுச்சா? யாரு மொதல்ல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்கன்னு போட்டுக்கிறியே, அன்னிக்கு ரெண்டு வேனும் மொதல்லதான் போச்சு. இன்னாத்த ஜெயிச்சீங்க? மண்டபம் கொள்ளாத ஜனம். யாரு வந்தான்னு பாத்தீங்க. யாரு வரலன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

“நானு கேட்டேன் அத்தை.”

கரண்டி கையிலயே நின்னுடுச்சு.

“மணையில உக்காந்துகினு ரெண்டு தடவ கேட்டேன், அத்தை எங்கன்னு. மேளச் சத்தத்துல யாரு காதுலயும் உழல. நல்ல நேரம் முடியுதுன்னு ஐயரு அவசரப்படுத்துறாரு. தலைய நிமிர்த்தாதடின்னு எங்கம்மா பின்னாலேர்ந்து கிள்ளினாங்க.”

சொல்லிட்டுப் போயிட்டாள்.

அப்புறம் கஜபதியைக் கேட்டேன். “கேட்டாம்மா. நானும் கேட்டேன்னு நெனக்கிறேன்” என்றான். அவன் நினைக்கிறதை நான் நம்பலை. அவள் சொன்ன கிள்ளலை நம்பினேன். நாகம்மா கை அப்படிப்பட்ட கைதான். அவள் பங்குல இன்னிக்கு ஒரு கிள்ளலும் சேர்ந்துது.

3-9-88, சனி

இன்னிக்கு ஆட்டமில்லை. வேம்புலியம்மா வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டு, “நான் படிச்சிருக்கக் கூடாதுக்கா” என்று சொல்லிட்டுப் போனாள். குடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

தாட்சாயிணி பக்கத்து ரூம்ல அட்டையும் கத்தியுமா இருக்கிறாள். விரல்ல பிளாஸ்திரி. வரதன் இன்னும் ரெண்டு வாரத்துல வர்றாராம். நாலாவது ஆளுக்கு யாரைக் கூப்பிடப் போறாளோ. எனக்கென்ன?

10-9-88, சனி

சாயங்காலம் வேம்புலியம்மா, பொன்னம்மாள், கஜபதி எல்லாரும் வந்து உக்காந்தாங்க. நான் அடுப்பங்கரையில முதுகைக் காட்டிக்கினு கீரை ஆய்ஞ்சேன். தாட்சாயிணி வழக்கமா நிக்கிற நிலைப்படியில நிக்கலை. அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னாள். ஊருக்கே கேக்குற மாதிரி மாத்தினதைச் சொன்னாள்.

“அந்த வேன் சீட்டக் கிழிச்சுட்டேன். இனிமே யாரு மொதல்ல போறாங்கன்றது கெடையாது. அஞ்சாவதா ஒரு காய் கீது, மாப்பிள்ளையோட அம்மா. அவங்க பூந்தமல்லியில நிக்கிறாங்க. சோழி போட்டு அவங்கள நகர்த்த முடியாது. நாம சேத்த கொட்டையக் குடுக்கணும். ஒரு கொட்டைக்கு மூணு கட்டம். அவங்க மண்டபம் போய்ச் சேராம தாலி கட்ட முடியாது. அதுக்குள்ள முகூர்த்தம் போச்சுன்னா நாலு பேரும் தோத்தோம்.”

“அப்போ ஜெயிக்கிறது எவ?” என்றாள் பொன்னம்மாள்.

“தாலி கட்டும்போது யாரு கையில கொட்டை அதிகமா கீதோ அவங்களுக்கு மொதப் பந்தி. வடையோட.”

எனக்குப் புரிஞ்சுடுச்சு. குடுத்தா உனக்கு வடை இல்லை. எல்லாரும் கெட்டியா பிடிச்சுக்கிட்டா யாருக்கும் கல்யாணமே இல்லை. கள்ளி, நல்லா கட்டியிருக்கிறாள்.

கீரையைப் பார்த்துகினே கேட்டேன். “ஐயரு அவசரப்படுத்தினா?”

“ஐயருக்கும் ஒரு காய் வெச்சுட்டேன் அத்தை. சுத்துக்கு ஒரு கட்டம் மணமேடைப் பக்கம் வருவாரு, மேடை ஏறிட்டா முகூர்த்தம் முடிஞ்சுது. சமையல்காரி ஒரு கொட்டை குடுத்துக் காப்பி போட்டுத் தந்தா அந்தச் சுத்து நகர மாட்டாரு.”

“சக்கரை தூக்கலாவா?”

“தூக்கலா.”

கையைக் கழுவிட்டுப் போய் உக்காந்தேன்.

12-9-88, திங்கள்

நேத்து ஆடினதுல ஒரு குறை தெரிஞ்சுது. காப்பிக்கு ஒரு கொட்டைன்னா சமையல்காரி ஐயரை ஆட்டம் பூரா உக்கார வெச்சுடுறாள். அவசரமே இல்லாம போகுது. அடுத்தடுத்து ரெண்டு காப்பி குடிக்க மாட்டாருன்னு வெக்கணும். எனக்குச் சமையல்காரி விழுந்தா நஷ்டம்தான். இருந்தாலும் சொன்னேன். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன், நல்ல பிள்ளையா சரின்னாள்.

18-9-88, ஞாயிறு

வரதன் வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய வாட்ச். ஸ்டூல்ல உக்காந்ததும் வாட்சைத்தான் பார்த்தார். “அர மணி நேரம்தாம்மா” என்றார். தாட்சாயிணி சுவத்தோட சுவரா ஒட்டிக்கினு நின்னாள். பேசக் கூடாதுன்னு அவருடைய கண்டிஷன்.

எனக்குச் சமையல்காரி. வேம்புலியம்மா டிரைவர். கஜபதி தையல்காரி. பொன்னம்மாள் பூக்காரி. எல்லாரும் கொட்டையைக் கையால மூடி மூடி வெச்சுக்கினாங்க. “நீ குடுடி”, “நீ மொதல்ல குடு”, “உன்னாண்ட மூணு கீது, கஞ்சப் பிசினாரி”. மாப்பிள்ளையம்மா ஏரிக்கரையிலயே நின்னுகினு கிடந்தாங்க. ஐயர் வந்துகினே இருக்கிறார். ஒரு காப்பி குடுத்தேன். அடுத்த சுத்து குடுக்க முடியாது, நான் சொன்ன சட்டம்தானே.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுலேர்ந்து பொன்னம்மாள் புருஷன் குரல் குடுத்தார். “ஏமே, மாவு அரைக்கணும், வரியா இல்லியா?”

கூடமே பொன்னம்மாளைப் பார்த்துச்சு. தாட்சாயிணி கண்ணை மூடிக்கிட்டாள். வரதன் வாட்சைப் பார்த்தார்.

பொன்னம்மாள் உக்காந்த இடத்துலேர்ந்தே கத்தினாள். “இருய்யா, வந்துகினே கீறேன்! அந்தம்மா ஏரிக்கரையில தனியா நிக்குது!” கத்திட்டு ரெண்டு கொட்டையையும் தூக்கி நடுவுல போட்டாள். “ஏத்துங்கடி.”

அப்புறம் எல்லார் கையும் திறந்துச்சு. கஜபதி கையில இருந்ததெல்லாம் குடுத்தான். மாப்பிள்ளையம்மா பட்டாபிராம் கேட்டு வரைக்கும் வந்துட்டாங்க. அதுக்கடுத்த சுத்துல ஐயருக்கு மணமேடைக்கு இன்னும் ஒரே கட்டம்.

“காப்பி குடும்மா காப்பி!” என்று ஸ்டூல்லேர்ந்து ஒரு சத்தம். வரதன்! வாட்ச் கையை நீட்டிக்கினு கத்துறார். குடுத்தேன், என் கடைசிக் கொட்டை. மிச்சம் இருந்தது வேம்புலியம்மாகிட்ட மட்டும்தான். மூணு. குடுத்தா அவளுக்கு ஒண்ணுமில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூணையும் வெச்சு, மாப்பிள்ளையம்மாவைத் தன் விரலாலயே நகர்த்தி மண்டபத்துல உக்கார வெச்சாள். “கட்டுங்கய்யா தாலிய!”

கஜபதி வாயாலயே கெட்டிமேளம் கொட்டினான். ஒருத்தர் கையிலயும் கொட்டை இல்லை. முதப் பந்திக்கு ஆளே இல்லை.

வரதன் போகும்போது தாட்சாயிணியிடம், “நாளைக்குப் படம் போடுற ரூமுக்கு வா. பசைக்கு வேற ஆளப் பாத்துக்குறேன்” என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கினே கேட்டார். “ஏம்மா, ஐயருக்கு டீ குடுத்தா செல்லாதா?”

20-9-88, செவ்வாய்

தண்ணி லாரி வந்துச்சு. வேம்புலியம்மா குடத்தை நான் நகர்த்தலை. அவளும் நகர்த்தலை. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு.

15-10-88, சனி

அச்சாகிட்டு இருக்கு. தாட்சாயிணிக்கு இன்னும் ஒண்ணு மாத்தணுமாம், பட்டாபிராம் கேட்ல. அச்சுக்குப் போனப்புறம் கை வெக்க முடியாதுன்னு வரதன் சொல்லிட்டாராம். போதும் உடுன்னு நானும் சொன்னேன். ஆனாலும் சாயங்காலம் ஆனதும் வேம்புலியம்மாவும் பொன்னம்மாளும் வந்து உக்காந்துட்டாங்க. மாத்தினதுன்னு சொல்ல ஒண்ணுமில்லை. மூணு பேரும் நிலைப்படியையே பார்த்துகினு இருந்தோம். அப்புறம் பொன்னம்மாள், “அடுத்து இன்னா விளையாட்டு பண்ணப் போறா உன் மருமக?” என்றாள்.

13-11-88, ஞாயிறு

தீபாவளி முடிஞ்சு சம்பந்தி வந்திருக்கிறாள். நாகம்மா. அவள் பொண்ணு போட்ட விளையாட்டு டப்பாவைத் திருநின்றவூர்ல கடைக்குக் கடை போய் விசாரிச்சாளாம். எங்கேயும் ரெண்டு நாளுக்கு மேல தங்கலையாம். நான் “உக்காருங்க” என்றேன். அதுக்கு மேல பேசலை.

மத்தியானம் ஆடினோம். குலுக்கினதுல நாகம்மாவுக்கு டிரைவர் விழுந்துச்சு. வேணும்னு யாரும் செய்யலை, நான் பார்த்துகினேதான் இருந்தேன். நல்லா ஆடினாள். மூணு கொட்டை சேர்த்துட்டாள். மத்தவங்க கையில ஒண்ணுமில்லை, எல்லாம் குடுத்தாச்சு. மாப்பிள்ளையம்மா பட்டாபிராம் கேட்டாண்ட. ஐயருக்கு மேடைக்கு இன்னும் ஒரே கட்டம்.

நாகம்மா ரொம்ப நேரம் அட்டையையே பார்த்தாள். பொண்ணு பாடுபட்டுச் செஞ்ச அட்டையில என்ன இருக்குன்னு அவளுக்கு அப்போதான் பட்டிருக்கணும்.

மூணு கொட்டையையும் ஒண்ணொண்ணா எடுத்து வெச்சாள். அட்டையைப் பார்க்கலை, என்னைப் பார்த்தாள்.

“எனக்கு வட வேணாம் சம்பந்தி. நீங்க ஏறுங்க. வண்டி நிக்குது.”

எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். கஜபதி கெட்டிமேளம் கொட்டுறது காதுல விழுந்துச்சு. காலையில ஊற வெச்ச உளுந்து இருந்துச்சு. அரைச்சேன். வடை சுட்டேன். எல்லாருக்கும் நாலு நாலு வெச்சு அனுப்பினேன். நாகம்மா தட்டுல மூணு.

வேன் விஷயம் முடிஞ்சுது. வடை விஷயம் தனி.

எண்ணெய்ச் சட்டியை இறக்கினப்புறம், பாப்பாவைக் கூப்பிட்டு அந்த ஒண்ணையும் கையில குடுத்தேன். திருநின்றவூர் ஆயாவுக்குக் குடுத்துட்டு வாடின்னு. போகிற வழியிலேயே பாதியைக் கடிச்சுட்டாள். பரவாயில்லை. பாதி போய்ச் சேர்ந்துது.